சிங்கப்பூரில் வீட்டோடு தங்கிக் குழந்தை பார்க்கும் வேலை: பயோடேட்டாவில் என்ன எழுதலாம், எதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்?

காவிரிக்கரையாள்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. அங்கன்வாடியில் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். அதன் பிறகு சென்னை அண்ணா நகரில் ஒரு வீட்டோடு தங்கி, இரட்டைக் குழந்தைகளை நான்காம் மாதத்திலிருந்து அவர்கள் பள்ளிக்கூடம் சேரும் வரை பார்த்துக்கொண்டேன். அந்த வேலை இப்போது முடிந்துவிட்டது. சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தை பார்க்க ஆள் தேடுவதாகச் சொல்லி, தஞ்சாவூர் முகவர் ஒருவர் ₹90,000 கேட்கிறார்.

என் குழப்பம் பணத்தில் மட்டும் இல்லை. அவருடைய அலுவலகத்தில் தயாரித்த பயோடேட்டாவைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். அதில் நான் துபாயில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்று இருக்கிறது. துபாய் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. முதியோர் பராமரிப்பு, சீனச் சமையல், நாய் வளர்ப்பு என்று எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "இப்படி எழுதினால்தான் அம்மா அங்கே எடுப்பார்கள்" என்கிறார். இரட்டைக் குழந்தைகளை வளர்த்ததைப் பற்றி அதில் "குழந்தை அனுபவம் உண்டு" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களும், ஆள் எடுத்தவர்களும், சட்டம் தெரிந்தவர்களும் வழி சொல்ல வேண்டும்.

ஈசூன் வாசி:

சகோதரி, மற்றவை இருக்கட்டும். அந்தத் துபாய் வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் அந்த முகவரிடம் வேறு எதுவும் பேச வேண்டாம். சிங்கப்பூரில் வீட்டோடு இருந்து குழந்தைகளைப் பார்க்கும் வேலையை நான் பல ஆண்டுகளாகச் செய்கிறேன். இப்போது இருப்பது மூன்றாவது குடும்பம். எனவே இந்தப் பயோடேட்டா படிவம் எப்படி இருக்கும், அதை யார் எப்படிப் படிப்பார்கள் என்பது ஓரளவு தெரியும்.

முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, மதம், படிப்பு, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன வயது என்ற விவரங்கள் இருக்கும். அடுத்து உடல்நலம், ஒவ்வாமை, பன்றி இறைச்சியோ மாட்டிறைச்சியோ தொட்டுச் சமைப்பீர்களா என்ற கேள்வி, மாதத்தில் எத்தனை ஓய்வு நாள் வேண்டும் என்ற கேள்வி. அதன் பிறகு வருகிற அட்டவணைதான் உண்மையில் உங்கள் விண்ணப்பம். குழந்தை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, மாற்றுத்திறனாளி பராமரிப்பு, வீட்டு வேலை, சமையல், மொழி என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே விருப்பம் உண்டா, அனுபவம் உண்டா, எத்தனை ஆண்டு, முகவர் மதிப்பீடு என்ன என்று கட்டங்கள் இருக்கும். குழந்தை பராமரிப்புக் கட்டத்தில் எந்த வயதுக் குழந்தை என்று தனியாகவே கேட்டிருப்பார்கள். பெரும்பாலான முகவர்கள் அந்த இடத்தை நிரப்புவதே இல்லை, அல்லது "0 முதல் 12" என்று போட்டுவிடுவார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆள் தேடுகிற தாய் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

நீங்கள் அங்கே "4 மாதம் முதல் பள்ளி சேரும் வயது வரை, இரட்டையர், வீட்டோடு தங்கி" என்று எழுதுங்கள். அது உண்மை, இப்படிச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். முதியோர் கட்டத்தில் அனுபவம் இல்லை என்றே போடுங்கள். விருப்பம் இருந்தால் விருப்பம் என்று போடலாம்; இரண்டும் தனித்தனிக் கட்டங்கள் என்பதை முகவர்கள் வேண்டுமென்றே மறந்துவிடுகிறார்கள்.

நாய் விஷயம் உங்கள் இஷ்டம். ஆனால் பயந்துகொண்டே டிக் போட்டால், அந்த நாயை காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

தெம்பனீஸ் தாய்:

நான் ஆள் எடுத்த தரப்பு. எங்கள் மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது, நான் மீண்டும் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் தமிழ் பேசும் பெண் ஒருவரைத் தேடினோம். முகவர் நிலையம் அனுப்பிய பயோடேட்டாக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: "பொறுமைசாலி, கடின உழைப்பாளி, குழந்தைகளை நேசிப்பவர்." இந்த மூன்று சொற்களையும் எழுதாத பயோடேட்டா வந்தால் அதைத்தான் முதலில் படிப்பேன் என்று கணவரிடம் வேடிக்கையாகச் சொன்னது உண்டு.

காணொளி நேர்காணலில் நான் அன்பைப் பற்றிக் கேட்கவில்லை. பால் மாவை எப்படிக் கலப்பீர்கள் என்று கேட்டேன். ஒருவர் "வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் குலுக்கி" என்றார். இன்னொருவர் கொதித்த தண்ணீரைச் சிறிது ஆறவைத்து, டப்பாவில் போட்டிருக்கும் அளவுக் கரண்டியால் தட்டி அளந்து, கலந்த பிறகு குழாய்த் தண்ணீரில் புட்டியைக் காட்டி ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். குழந்தை மிச்சம் வைத்த பாலை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்க மாட்டேன் என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். மாவுப்பாலுக்கான தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்தப் பெண்ணுக்கு 70 என்ற எண் தெரியாது, ஆனால் கை சரியாகச் செய்தது. அவரைத்தான் எடுத்தோம்.

நம் ஊர்ப் பெண்கள் முன்கூட்டியே யோசித்துவைக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. எண்ணெய்க் குளியல், சாம்பிராணிப் புகை, நாக்கில் தேன் தடவுவது, உரைமருந்து, கண்ணுக்கு மை, பவுடர் என்று ஊரில் தெரிந்தவை பலவற்றை இங்குள்ள பெற்றோர் ஏற்க மாட்டார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. அதில் விவாதமே இல்லை. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், தலையணையும் போர்வையும் தொட்டிலில் வைக்கக் கூடாது என்பார்கள். சாம்பிராணி போட்டால் அடுக்குமாடி வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி அலறிவிடும். "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம், உங்கள் வீட்டில் நீங்கள் சொல்வதுபோல் செய்வேன்" என்று நேர்காணலில் சொல்லும் பெண்ணிடம் எனக்கு நம்பிக்கை வரும்.

ஈசூன் வாசி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சென்னை வீட்டில் பால் குடித்த நேரம், அளவு, தூங்கிய நேரம், வயிற்றுப்போக்கு என்று நோட்டில் குறித்துவைத்திருந்தால், அதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் பயோடேட்டாவோடு அனுப்புங்கள். குழந்தைகளின் பெயரும் முகமும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயண ஏற்பாட்டாளர்:

எல்லோரும் முகவர்களைக் குற்றவாளிகளாக்கிப் பேசுவதால் எங்கள் தரப்பையும் சொல்லவேண்டியிருக்கிறது. சிங்கப்பூர்க் குடும்பங்களில் பாதிப் பேர் "ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தவரா" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். முதன்முறை போகிற பெண்ணின் பயோடேட்டா மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. மருத்துவப் பரிசோதனை, கடவுச்சீட்டு, பயிற்சி, விமானச் சீட்டு என்று நாங்கள் முன்கூட்டிச் செலவு செய்கிறோம். அவர் பாதியில் மனம் மாறினால் அந்தப் பணம் போகிறது. சந்தை அப்படி இருக்கும்போது, கொஞ்சம் கூட்டிச் சொல்லாமல் இந்தத் தொழிலை நடத்த முடியாது. அங்கே போய் வேலையை ஒழுங்காகச் செய்தால் துபாய் வரியை யார் கிளறப் போகிறார்கள்?

ஈசூன் வாசி:

ஐயா, முதன்முறை போகிறவர்களுக்குக் கதவு மெதுவாகத் திறக்கிறது என்று நீங்கள் சொல்வது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் கிளறுவார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு: வேலை கொடுத்தவரே கிளறுவார். துபாயில் என்ன செய்தாய், எத்தனை குழந்தைகள், அந்த அம்மா பெயர் என்ன என்று சமையலறையில் பேச்சுவாக்கில் கேட்பார். பதில் இல்லையென்றால் அன்று முதல் அந்த வீட்டில் எது காணாமல் போனாலும் முதல் பார்வை நம் மேல் விழும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டாம் மாதமே ஊருக்கு அனுப்பப்பட்டார். வேலையில் குறை இல்லை. பயோடேட்டாவில் இருந்த தாய்வான் கதை அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அந்த முகவர் நிலையம் அடுத்த ஆளை அனுப்பிவிட்டது. பெண்ணின் கடன் ஊரில் நின்றது.

வேலை அனுமதி விண்ணப்பத்தில் பொய்யான தகவல் கொடுப்பது சிங்கப்பூரில் குற்றம். அனுமதி ரத்தாவதோடு மீண்டும் வர முடியாமலும் போகலாம். சிங்கப்பூரில் முன்பு வேலை பார்த்திருந்தால் அந்த வரலாறு மனிதவள அமைச்சின் பதிவில் இருக்கும். வேலை கொடுப்பவர் அதைப் பார்த்துக்கொள்ள முடியும். நீங்கள் "கொஞ்சம் கூட்டுவது" உங்கள் கடையில், ஆனால் தண்டனை போகிற இடத்தில் அவளுக்கு.

சான்று கேட்பவன்:

நான் சென்னையில் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான தன்னார்வக் குழு ஒன்றில் ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுப்பவன். பணமும் சட்டமும் என் பங்கு.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற எவரும் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்க்காரரின் உரிம எண்ணைக் கேளுங்கள். அவர் வேறொரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி "நான் அவர்களுடைய துணை முகவர்" என்றால், அந்த நிறுவனத்தையே நேரில் அணுகுங்கள். உரிமம் பெற்ற முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ₹30,000. அதற்கு மேல் ஜிஎஸ்டி. அதற்கும் ரசீது கொடுக்க வேண்டும். ₹90,000 எந்தக் கணக்கிலும் சேராது.

சிங்கப்பூரிலுள்ள முகவர் நிலையத்துக்கு வேறு உச்சவரம்பு. ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்வரைதான் பணிப்பெண்ணிடம் வாங்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் வேலை கொடுத்தவர் வேலையை முடித்துவிட்டால், அதில் குறைந்தது பாதியைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் ஊரில் வாங்கிய பணம் இந்த வரம்புக்குள் வராது. இங்கே கடனாகக் கொடுத்து அங்கே சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் ஏற்பாடு அந்த இடுக்கில்தான் நுழைகிறது. எத்தனை மாதம், எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் கிளம்பக் கூடாது.

வளைகுடா நாடுகளுக்கான விதிகளையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெண்கள், சவூதி, குவைத், ஓமான் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அவர்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்க முடியும். தமிழ்நாட்டில் அது 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியதால் உங்கள் கடவுச்சீட்டுக்கும் அந்த அனுமதி தேவைப்படாது. இதைச் சிலர் "எந்தச் சிக்கலும் இல்லை" என்று விளம்பரம் செய்கிறார்கள். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன்: புறப்படும் முன் உங்கள் தாள்களை இங்கே எந்த அதிகாரியும் புரட்டிப் பார்க்க மாட்டார், ஆகவே நீங்களே பார்த்தாக வேண்டும்.

சிங்கப்பூர் தரப்பில் தகுதி எளிது: பெண்ணாக இருக்க வேண்டும், 23 வயது நிறைந்து 50க்குக் குறைவாக இருக்க வேண்டும், குறைந்தது எட்டு ஆண்டு முறையான பள்ளிப் படிப்புக்குச் சான்று வேண்டும். பயோடேட்டாவுக்கு வெளியே உண்மையான தாள் என்று ஒன்று இருந்தால், அது உங்கள் பள்ளிச் சான்றிதழ்தான். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றும் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கோவை மாணவி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 24 வயது, ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற இரண்டாம் நிலை வரை படித்திருக்கிறேன். ஜெர்மனியில் "ஓ பேர்" என்ற பெயரில் குடும்பத்தோடு தங்கிக் குழந்தை பார்க்கும் வேலை இருப்பதாகவும், ஒரே ஆண்டில் நிரந்தரக் குடியுரிமை வரை போகலாம் என்றும் ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்கள். என் சித்தி குடும்பம் டார்ட்மண்டில் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கே போக முடியுமா?

டார்ட்மண்ட் தமிழன்:

தங்கையே, சித்தி வீட்டுக்குப் போக முடியாது. உறவினர் வீட்டில் ஓ பேராக இருக்க அனுமதி இல்லை. உறவே இல்லாத குடும்பமானாலும், வீட்டில் பேசும் மொழி ஜெர்மனாக இருக்க வேண்டும். ஜெர்மன் அவர்கள் தாய்மொழி இல்லையென்றால், அவர்கள் உங்கள் நாட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. மொழியும் பண்பாடும் கற்க வருகிறவர் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை. ஆகவே இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணை ஓ பேராக அழைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இது வேலை ஒப்பந்தமும் இல்லை. சம்பளம் கிடையாது, கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ, தனி அறை, சாப்பாடு, காப்பீடு. வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது, ஏ1 அளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. முடிந்ததும் தொழிற்கல்வியோ படிப்போ தேடிக்கொண்டு அதற்கான அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள் உண்டு. தானாக நிரந்தர அனுமதி எதுவும் வராது.

விண்ணப்பத்தில் குடும்பத்துக்கு எழுதும் கடிதம்தான் முக்கியம். அதைப் பயிற்சி மையம் எழுதித் தர அனுமதிக்காதீர்கள். ஏ2 அளவில் தெரிந்த எளிய ஜெர்மனில், பிழைகளோடு நீங்களே எழுதுங்கள். தூதரகத்தில் நேர்காணல் வைத்தால் கடிதத்தின் மொழியும் உங்கள் வாயில் வரும் மொழியும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா?

34 வயதான காவிரிக்கரையாளுக்கு இந்த வழி இல்லை என்பதால் இங்கேயே நிறுத்துகிறேன்.

ஹட்டன் மகள்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டப் பகுதிகளில் வெளிநாட்டுக்குப் போன பெண் ஒருவராவது இல்லாத லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, கிடைப்பது அரிது. எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் போய் வந்தவர்கள். எங்களுக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. புறப்பட முன் அங்கே பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாமல் சுற்றுலா விசாவில் போன பெண்களுக்குப் பிரச்சினை வரும்போது கைகொடுப்பது கடினமாகிவிடுகிறது.

அக்காவுக்கு நான் சொல்ல விரும்புவது நேர்காணலைப் பற்றியது. நேர்காணலில் அவர்கள் மட்டும் கேட்பதில்லை. நாங்களும் கேட்க வேண்டும். அம்மா குவைத்துக்குப் போனபோது ஒப்பந்தத்தில் "இரு பிள்ளைகளைப் பராமரித்தல்" என்று இருந்தது. வீட்டுக்குள் போன பிறகுதான் அங்கே மூன்று குடும்பங்கள் கூட்டாக இருப்பது தெரிந்தது. ஒப்பந்தம் பொய் சொல்லவில்லை. பராமரிக்க இரு பிள்ளைகள்தான், சமைக்கவும் துவைக்கவும் பதினாறு பேர்.

ஆகவே வீட்டில் எத்தனை பேர் நிரந்தரமாக இருக்கிறார்கள், எத்தனை அறை, வேறு பணிப்பெண் உண்டா, இரவில் பிள்ளை எழுந்தால் யார் எழும்புவது, நான் எங்கே படுப்பேன் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பிள்ளையின் அறையில் என்று பதில் வந்தால், இரவு வேலையும் உங்களுடையது என்றுதான் அர்த்தம். அதற்கு ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் உங்கள் விருப்பம், ஆனால் தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

தெம்பனீஸ் தாய்:

ஹட்டன் மகள் சொன்னது மிகச் சரி. சிங்கப்பூருக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு: "பகலில் குழந்தை எங்கே இருக்கும்?" பல குடும்பங்களில் பகல் முழுவதும் குழந்தை பாட்டி வீட்டில் இருக்கும். வேலை அனுமதியில் இருக்கும் முகவரியில்தான் பணிப்பெண் வேலை பார்க்க வேண்டும் என்பது பொது விதி. குழந்தையைப் பார்ப்பதற்காக நெருங்கிய உறவினர் வீட்டில் இருக்கலாம், அதற்குப் பணிப்பெண்ணின் சம்மதம் எழுத்தில் வேண்டும். இரண்டு வீட்டுக்கும் முழு வேலை பார்க்கச் சொல்லக் கூடாது. பாட்டி வீட்டுத் தரையும் உங்கள் கையில்தானா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கடைக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பி வேலை வாங்குவது சட்டத்துக்குப் புறம்பானது.

காவிரிக்கரையாள்:

எல்லோருக்கும் நன்றி. தஞ்சாவூர்க்காரரிடம் உரிம எண் கேட்டேன். "அதெல்லாம் மேலிடத்தில் இருக்கிறது" என்றார். அவரை விட்டுவிட்டேன். இ-மைக்ரேட் பட்டியலில் இருந்த சென்னை நிறுவனம் ஒன்றோடு பேசியிருக்கிறேன். ரசீது தருவதாகச் சொல்கிறார்கள். பயோடேட்டாவில் சேர்க்க நான் எழுதிய பத்தி இது, திருத்திக் கொடுங்கள்:

"சென்னையில் ஒரு வீட்டில் தங்கி இரட்டைக் குழந்தைகளை மிகவும் அன்போடும் பொறுமையோடும் வளர்த்தேன். குழந்தைகளுக்கு எல்லா வேலையும் செய்வேன். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். ஓய்வு தேவையில்லை."

ஈசூன் வாசி:

கடைசி இரண்டு வாக்கியங்களையும் உடனே எடுத்துவிடுங்கள். "எந்த வேலை கொடுத்தாலும்" என்பதைப் பார்த்து உங்களைத் தேர்ந்தெடுக்கிற வீடு எப்படிப்பட்ட வீடாக இருக்கும் என்று யோசியுங்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு. நீங்களும் அவர்களும் ஒத்துக்கொண்டால் அந்த நாளில் வேலை செய்து, அதற்குக் குறைந்தது ஒரு நாள் சம்பளத்தைக் கூடுதலாக வாங்கலாம். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் வருவது ஒரு நாள் சம்பளம். 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் என்றால் 25 வெள்ளி. ஆனால் 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது. அதை எடுத்தே ஆக வேண்டும். "ஓய்வு தேவையில்லை" என்று எழுதுவது சட்டம் கொடுத்ததை நீங்களே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதாகும்.

தெம்பனீஸ் தாய்:

மீதியை நான் திருத்துகிறேன். இப்படி எழுதினால் நான் அழைப்பேன்:

"சென்னையில் ஒரு வீட்டோடு தங்கி, இரட்டைக் குழந்தைகளை 4 மாதம் முதல் பள்ளி சேரும் வரை பார்த்துக்கொண்டேன். பகலில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றதால் நான் தனியாகப் பார்த்தேன். மாவுப்பால் கலத்தல், புட்டிகளைக் கொதிநீரில் சுத்தம் செய்தல், ஆறாம் மாதத்திலிருந்து கூழும் மசித்த காய்கறியும் ஊட்டிப் பழக்குதல், குளிப்பாட்டுதல், மருத்துவர் எழுதிய மருந்தை நேரத்துக்குக் கொடுத்தல் ஆகியவற்றைச் செய்தேன். அதற்கு முன் அங்கன்வாடியில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளோடு இருந்தேன். முதியோர் பராமரிப்பில் அனுபவம் இல்லை. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்; ஆங்கிலம் சிறிது புரியும். வாரம் ஒரு நாள் ஓய்வு விரும்புகிறேன்."

இதில் எந்த வரி உண்மை இல்லையோ அதை நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள். நான் ஊகித்து எழுதியவை சில இருக்கின்றன. சென்னைக் குடும்பம் சம்மதித்தால் அவர்கள் கைப்பட நான்கு வரி எழுதி வாங்குங்கள். எதைத் தனியாகச் செய்தீர்கள், எந்த மாதத்தில் வேலையை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பது மட்டும் அதில் இருந்தால் போதும், புகழுரை வேண்டாம்.

பயண ஏற்பாட்டாளர்:

பத்தி நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகவர் அட்டவணையில் இவ்வளவு எழுத இடம் இருக்காது.

தெம்பனீஸ் தாய்:

படிவத்தின் இறுதியில் குறிப்புகளுக்கென்று இடம் இருக்கிறது ஐயா. எனக்கு வந்தவற்றில் அது எப்போதும் காலியாகவே இருந்தது.

காவிரிக்கரையாள்:

தனியாகப் பார்த்தேன் என்பது உண்மை. காய்கறி மசித்ததும் உண்மை. மருந்தை மட்டும் அந்த அம்மாதான் கொடுப்பார், அதை எடுத்துவிட்டேன். இனி ஒரே கேள்வி: ஒரு குடும்பம் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டால், விமானம் ஏறும் முன் என் கையில் என்ன தாள் இருக்க வேண்டும்?

ஈசூன் வாசி:

கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம், ஐபிஏ என்பார்கள். மனிதவள அமைச்சு விண்ணப்பத்தை ஏற்றதும் வருவது அது. பணிப்பெண்ணுக்கான பிரதியை நீங்கள் புறப்படும் முன்பே உங்களுக்கு அனுப்ப வேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. அதில் இருக்கும் மாதச் சம்பளமும் நேர்காணலில் பேசிய சம்பளமும் ஒன்றா என்று பாருங்கள். சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்குச் சட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. ஆகவே அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கும் எண்தான் உங்கள் பிடி. கடவுச்சீட்டு எண்ணை வைத்து அது உண்மையான கடிதமா என்று அமைச்சின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். "முதலில் சுற்றுலாப் பயணியாக வாருங்கள், கடிதம் பிறகு வரும்" என்றால் ஏற வேண்டாம்.

வந்த பிறகு நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதன்முறை வருகிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சி உண்டு. செலவு வேலை கொடுப்பவருடையது. இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 5,000 வெள்ளி பிணைத்தொகையும், காப்பீடும், மாதாமாதம் அரசுக்குக் கட்டும் தீர்வையும் வேலை கொடுப்பவர் பொறுப்பு. அவற்றை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கடவுச்சீட்டை அவர்கள் வாங்கிவைத்துக்கொள்ளக் கூடாது. சம்பளத்தை "நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று சொல்வதற்கும் 2019 முதல் அனுமதி இல்லை. வங்கிக் கணக்கில் போடும்படி நீங்கள் கேட்டால் போட்டே ஆக வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் முகவர் நிலையம் உங்களோடு பேசி நிலைமையை விசாரிக்க வேண்டும். அப்போது வீட்டம்மா பக்கத்தில் நின்றால், பிறகு பேசுகிறேன் என்று சொல்லித் தனியாக அழைத்துப் பேசுங்கள். அதையும் தாண்டிச் சிக்கல் என்றால் அமைச்சும், இல்லப் பணியாளர் நிலையமும் இருக்கின்றன. இரண்டின் எண்களையும் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிவையுங்கள்.

ஐபிஏ கடிதத்தையும், ஊரில் கொடுத்த பணத்துக்கான ரசீதையும், நீங்கள் எழுதிய அந்தப் பயோடேட்டாவையும் நகலெடுத்து ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

காவிரிக்கரையாள்:

என் தம்பியிடம் கொடுக்கிறேன் அக்கா. வரும் வியாழக்கிழமை ஒரு குடும்பத்தோடு காணொளி நேர்காணல் வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதப் பெண் குழந்தையாம். பகலில் குழந்தை எங்கே இருக்கும் என்பதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.